காற்றைப் பிடிக்குமுன் தண்ணீரைப் பிடி!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது நம் கரை. முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றது. கொழும்புக்குப் பாய் விரித்துச் சென்ற தோணிகளும் காலப்போக்கில் எஞ்சினுக்கு மாறின. போன பாய் இப்போது விளையாட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் பெயர் விண்ட் சர்ஃபிங். ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய், பாயைப் பிடித்து நிற்க ஓர் ஆள், அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1964 இல் இத்தகைய பலகை ஒன்றைச் செய்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

கடந்த கோடை விடுமுறையில், பலகை தூக்கி வைக்கும் உதவியாளாகக் கடற்கரையில் கூலிக்கு நின்றேன். வேலை முடிந்த பின் பழகிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்தில் நேராக ஓட்டக் கற்றேன். நான்காம் வாரம் கச்சான் காற்று வலுத்தது. ஆசை யாரை விட்டது? பாயை இழுத்துப் பிடித்துக் கிளம்பினேன். நூறு கஜம் போவதற்குள் பலகையின் வால் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கியது, நான் தண்ணீரில். ஏறினேன், மீண்டும் வழுக்கியது. மூன்றாம் முறை விழுந்து எழுந்து பார்த்தால் கரை வெகுதூரம் போயிருந்தது!

நண்பர்களே, இது சிரிப்புக்குரிய செய்தி அன்று. நம் கடல் கிழக்கே இருக்கிறது. கச்சானோ மேற்கிலிருந்து வீசுவது. விழுந்தவனை அது கரைக்குத் தள்ளாது, கடலுக்குள்தான் கொண்டுபோகும். மிதவை அங்கி போட்டிருந்தேன், பலகையையும் விடவில்லை. அவ்வழியே வந்த வள்ளத்துக்காரர் ஒருவர் கயிறு எறிந்து இழுத்து வந்தார்.

வீட்டில் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் வாலிபத்தில் பாய்த்தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். "ஏல மக்கா, காத்து உன்னத் தள்ளுச்சா, நீ பலகையத் தள்ளுனியா?" நான் விழித்தேன். "காத்தப் புடிக்கிறதுக்கு முந்தி தண்ணியப் புடிக்கணும்ல" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை என் பாடப்புத்தகத்திலேயே கண்டேன். பலகையின் வாலடியில், மீனின் துடுப்புப் போல, ஃபின் என்ற தகடு ஒன்று நீருக்குள் நிற்கிறது. பாயில் மோதும் காற்று பலகையை முன்னுக்கும் தள்ளும், பக்கவாட்டிலும் தள்ளும். பக்கத் தள்ளலை எதிர்ப்பது ஃபின். நீரில் சற்றே சாய்ந்த கோணத்தில் அது ஓடும்போது ஒரு முகத்தில் அழுத்தம் கூடுகிறது, மறுமுகத்தில் குறைகிறது. விமான இறக்கையின் கதைதான் இது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவேதான் கையகலத் தகடு போர்வையகலப் பாய்க்கு ஈடுகொடுக்கிறது.

ஆனால் இந்த எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை காலாகிவிடும். அதே விசை வேண்டுமானால் கோணம் ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். நல்ல வேகத்தில் 4 பாகையில் சமாளித்த ஃபின், பாதி வேகத்தில் 16 பாகை சாய வேண்டிவரும். பெரும்பாலும் அதற்கு முன்னரே நீரோட்டம் அதன் முகத்தை விட்டுப் பிரிந்துவிடும். அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு மேலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு இறங்குவதும் உண்டு. எப்படியாயினும் பிடி போயிற்று, வால் வழுக்கிற்று. இதைத்தான் ஸ்பின்-அவுட் என்கிறார்கள். ஃபின்னைக் குறை சொன்னேனே, வேகம் வருமுன் பின்காலால் உதைத்தவன் நானல்லவா?

தடுக்கும் வழி என்ன? முதலில் வேகம். காற்றுக்குக் குறுக்காகவோ, அதிலிருந்து சற்று விலகியோ பலகையை ஓடவிட வேண்டும். அது நீர்மேல் எழுந்து விரையத் தொடங்கிய பிறகே சிறிது சிறிதாகக் காற்றை எதிர்த்துத் திருப்ப வேண்டும். இரண்டாவது, பின்காலால் பக்கவாட்டில் உதைக்கக் கூடாது. உடம்பின் பாரத்தை இடுப்புப் பட்டை வழியாகப் பாயின்மேல் தொங்கவிட்டால், அது பாய்மரத்தின் அடி வழியாகப் பலகைக்கு இறங்கும். பின்காலுக்குச் சுமை குறையும். அலையில் எகிறி இறங்கும்போது, பலகையின் முகத்தைச் சற்றுக் காற்றுப் போகும் பக்கம் திருப்பி, பின்காலை இலேசாக்கி இறங்க வேண்டும்.

மூன்றாவது, கிளம்புமுன் ஃபின்னைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பாறையில் உரசிய சிறு வெட்டுக்கூட நீரோட்டத்தைக் குலைக்கும். நனைத்த உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யலாம். திருகாணி இறுகியிருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் கடற்புல் மிகுதி. ஓர் இழை சிக்கினாலும் பிடி தளரும். இத்தனைக்கும் மேல் வழுக்கினால், பதறி மேலும் உதைக்காமல் பின்காலின் பாரத்தைக் குறைத்து, வாலை உடம்புக்கு அடியில் இழுத்து, பலகையைக் காற்றோடு சற்றே விலக விட்டால் ஃபின் மீண்டும் நீரைக் கவ்வும்.

"பெரிய ஃபின் வாங்கிப் போட்டால் தீர்ந்தது" என்பார் உளர். பாய்க்கு ஏற்ற அளவு வேண்டும் என்பது மெய்தான். ஆனால் பலத்த காற்றில் அளவு மீறிய ஃபின் பலகையையே தூக்கிப் புரட்டப் பார்க்கும். காலில் இருக்கும் குற்றத்தைக் கடையில் வாங்கித் தீர்க்க முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அதே சூத்திரம் என் காலுக்கடியில் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட தாத்தாவுக்குத் தெரிந்தது. பாய் விரித்த கட்டுமரத்தில் பக்கப்பலகை இறக்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்லமாட்டேன். வேகம் பாதியானால் கோணம் எத்தனை மடங்கு என்று தாத்தாவால் கூற இயலாது. நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவரே வியந்தார். இரண்டு அறிவும் ஒரே வீட்டில் இருந்தும், இத்தனை நாள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் என்ற பெருமையில், அப்பா வள்ளத்துக்குப் போகிறார் என்பதை மறைத்து, துறைமுகத்தில் வேலை என்று வகுப்பில் சொல்லி வந்தேன்.

2023 இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் விண்ட் சர்ஃபிங்கில் வெண்கலம் வென்ற எபாத் அலி, கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். கடலோரத்தில் பிறந்த நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கு ஒரு நாளாவது இயற்பியல் வகுப்பு கடற்கரையில் நடக்கட்டும். காற்றின் திசை பார்க்கும் பாடம் முதலாவதாக அமையட்டும். கச்சான் அடிக்கும் நாளில் மீட்புப் படகின்றி யாரும் தனியே இறங்கக் கூடாது என்பது விதியாகட்டும். தோணியோட்டிய பெரியவர்களை அன்று அழைத்துப் பேசச் செய்யலாம். பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தாத்தாவிடம் கேட்டுவிட்டேன். "காலேசுக்காரங்களுக்கு நான் என்னல சொல்ல?" என்று முதலில் கூச்சப்பட்டார். பிறகு, எந்தக் கிழமை என்று கேட்டார்.