பீலித் தண்ணீர் பிறக்கும் காணி

1853இல் நுவரெலியாவில் கிடைத்த ஒரு மரத்தவளையை இராணுவ வைத்தியர் கெலார்ட் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துபோன இனம் என்றே எழுதிவிட்டார்கள். 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் ஆய்வுக் குழு அதை மீண்டும் கண்டது, ஆனால் நுவரெலியாவில் அல்ல, சிவனொளிபாதமலைக் காட்டில்.

இந்த இடைவெளியில் கோப்பி வந்து போனது, தேயிலை வந்து நிலைத்தது. 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டக் கூடாது என்று 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் சொன்ன யோசனை மலையுச்சிகளைக் காப்பாற்றியது. ஊற்றுகளும் சதுப்புகளும் உச்சியில் மட்டுமா இருக்கின்றன? ஹற்றன், மஸ்கெலியா, அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலை மலைகளுக்கு நடுவே ஈரம் காயாத பள்ளங்கள் ஏராளம். லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் அங்கேதான் பிறக்கிறது. இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஐம்பது இனங்களுக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை. அவற்றில் சில ஒன்றிரண்டு ஓடைகளோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஓடையில் காண் வெட்டி, மருந்தடித்து, மரக்கறிப் பாத்தி போட்டுவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

எனவே இந்த ஈரநிலத் துண்டுகளைப் பாதுகாப்புக்கு எடுக்க வேண்டும். யாரிடமிருந்து எடுப்பது?

உயிரியலாளர் ரொஹான் பெத்தியாகொட ஒரு வழி காட்டினார். 1998 முதல் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளை வாங்கி, மீண்டும் இயற்கைக் காடாக்கும் முயற்சியில் இறங்கினார். துணிச்சலான வேலைதான். ஆனால் தனியார் பணத்தால் மலைநாட்டை வாங்கி முடிக்க முடியுமா? முடிக்கவும் தேவையில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்துவிட்டன. 1992இல் அவற்றை ஏற்ற கம்பனிகள் குத்தகைக்காரர்கள் மட்டுமே. குத்தகை 2045 வரை. பராமரிப்பில்லாமல் காடேறிய மலைகளையும் ஓடைக் கரைகளையும் குத்தகையிலிருந்து பிரித்தெடுக்க, காணிச் சொந்தக்காரரான அரசு மனம் வைத்தால் போதும்.

இங்கே ஒரு பயம் உண்டு, நியாயமான பயம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நடத்திய டான்டீ தோட்டங்களில், 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கு மாற்ற 2022இல் ஆணை வந்தது. காடு வளரட்டும், நாங்கள் எங்கே போவது என்று தொழிலாளர் கேட்டார்கள். ஒருமுறை கடல் கடந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் அவை. மலைநாட்டிலிருந்து போனவர்களுக்கு அங்கே நடந்தது இங்கே இருப்பவர்களுக்கும் நடக்கக் கூடாது.

வீட்டுக்கு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று அரசாங்கங்கள் எண்ணிச் சொல்லிய காலம் நீண்டுவிட்டது. உறுதிப்பத்திரம் பெரும்பாலானோர் கையில் இன்னும் இல்லை. ஓடைக்கரையில் கரட், லீக்ஸ் போட்டுப் பிழைப்பவரை எழுப்பிவிட்டு நண்டுக்கு இடம் கொடுப்பதாகச் சொன்னால், நண்டையும் அவர் எதிரியாகவே பார்ப்பார். எனவே வரிசை முக்கியம்: முதலில் குடியிருப்புக் காணியும் மாற்றுத் தோட்டத் துண்டும் எழுத்தில், பிறகே சதுப்பின் எல்லைக் கல். நாற்றுமேடை, மரம் நடல், காவல் வேலைகளும் அந்தத் தோட்டத்தாருக்கே போக வேண்டும்.

பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு மலைநாட்டைத் தாண்டிப் பார்க்கலாம். அக்கர ஓயா கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் போகிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர் களனியில் இறங்கிக் கொழும்பின் குழாய்களுக்குப் போகிறது. மின்சாரக் கட்டணத்திலும் குடிநீர்க் கட்டணத்திலும் ஒரு சிறு பங்கை இந்த ஊற்றுகளுக்கென்று ஒதுக்கும் யோசனையை, மலையகப் பிரதிநிதிகள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலேயே முன்வைக்கலாம்.