பழி உப்புக்கு

பண்ணையில் பன்றி கண் தெரியாமல் சுவரில் முட்டுகிறது. நாயைப்போல் குந்தி உட்கார்ந்து கழுத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து காலை உதறுகிறது. விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் உடனே கேட்பது, "தண்ணி எப்போ நின்னுச்சு?"

நோய்க்கு உப்பு நஞ்சு என்று பெயர். பாதிப் பொய்யான பெயர். ஹோட்டல் மிச்சமோ உப்புக் கருவாட்டுத் தூளோ மிதமிஞ்சிப் போனால் ஆபத்துதான். பன்றியும் கோழியும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ஆனால் வேண்டிய மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் சிறுநீரகம் பெரும்பாலான உப்பை வெளியே தள்ளிவிடும். தண்ணீர் ஒன்றிரண்டு நாள் நின்றுபோனாலோ, அளவான உப்புள்ள தீவனமே உயிரை எடுக்கும்.

கொடுமை அதோடு முடிவதில்லை. தவித்த வாய்க்குத் திடீரென்று தொட்டி நிறையத் தண்ணீர் விட்டால், உப்பேறிய மூளை அதை உறிஞ்சி வீங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். பதறிப்போய் ஹோஸைத் திறந்துவிடுபவர், தான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே கொல்கிறார்.

கிணறு வற்றிய கோடையில் குடம் சுமந்து நாலு ஆட்டைக் காப்பாற்றப் பார்க்கும் கிழவியை நாம் இங்கே இழுக்கவில்லை. தீவனத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டு, எடை ஏறுவதை வாரந்தோறும் எழுதிவைக்கும் பண்ணைக்காரரைத்தான் கேட்கிறோம். மோட்டார் எரிந்தது விபத்து, ஒப்புக்கொள்கிறோம். எரிந்தது மூன்றாம் நாள்தான் தெரிந்தது என்றால் அது குற்றம். பன்றி குடிக்கும் குழாயின் நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று காலையும் மாலையும் விரலால் அழுத்திப் பார்க்க என்ன செலவு? மேலே இன்னொரு தொட்டி வைப்பதற்குச் செத்த பன்றிகளின் விலைகூட ஆகாதே.

வளர்ப்பவர் போதிய தண்ணீர் கொடுக்காததை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், வதை என்றே சொல்கிறது. முதல் முறை அகப்பட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ரெண்டு டீ, ரெண்டு வடைக் காசு. இந்தத் தொகையை இத்தனை காலம் மாற்றாமல் வைத்திருக்கும் நாடாளுமன்றமும் கூட்டாளிதான்.

பாடப்புத்தகங்கள் இந்த நோயைத் தண்ணீர் மறுக்கப்பட்டதால் வருவது என்றும் சேர்த்தே குறிக்கின்றன. பிரேதப் பரிசோதனைச் சான்றிலும் அதையே முதலில் எழுதட்டும். அடுத்த வரியில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றிருந்தது என்பதையும், கீழே பண்ணை உரிமையாளரின் கையெழுத்தையும்.