தேயிலை மலையும் தெரியாத முதுகும்

தேயிலை மலையைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவன் 'பச்சைக் கம்பளம்' என்று தொடங்குகிறான். ஆசிரியரும் சிவப்பு மையால் 'நன்று' என்று குறிக்கிறார். கம்போங் ராஜாவின் சரிவுகளில் அக்கம்பளத்தை விரித்த கைகள் எவை என்னும் வினா ஏட்டில் எழுவதே இல்லை.

இப்பிழை விளம்பர ஓவியத்திடம் கற்றது. 1926இல் பிரிட்டனில் அமைந்து 1933இல் கலைக்கப்பட்ட பேரரசு விற்பனை வாரியம், குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களை வண்ணச் சுவரொட்டிகளால் விளம்பரம் செய்தது. தேயிலையும் அவற்றில் இடம்பெற்றது. விளம்பரங்களில் கொழுந்தெடுக்கும் பெண் இன்றும் புன்னகைக்கிறாள். அவள் முகம் தெரிகிறது. முதுகுக் கூடையின் பாரம் தெரிவதில்லை.

பிரெஞ்சு நாட்டில் இதற்கு நேர்மாறாகத் தூரிகை பிடித்தோர் உண்டு. 1814இல் உழவர் குடியில் பிறந்த மில்லே, 1857இல் பாரிசுக் கண்காட்சியில் 'கதிர் பொறுக்குவோர்' என்னும் ஓவியத்தை வைத்தார். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்குகின்றனர். முகங்கள் நிழலில் மங்க, வளைந்த முதுகுகளே கண்ணை நிறைக்கின்றன. தொலைவில் குவிந்த போர்களும் குதிரைமேல் ஒரு கண்காணிப்பாளனும் தெரிகின்றனர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியை மறவாத மேட்டுக்குடியினர் அப்படத்தில் கிளர்ச்சியின் நிழலைக் கண்டு சினந்தனர். 1849இல் கூர்பே தீட்டிய 'கல்லுடைப்போர்' ஓவியத்திலும் இருவர் முகங்களும் மறைந்தே இருந்தன. கிழிந்த உடையே அவர்களுக்காகப் பேசிற்று.

"அழகைப் பாடுவதும் குற்றமோ?" என்பர் சிலர். மில்லேயின் வயலிலும் பொன்னொளி உண்டு. அவ்வொளி உழைப்பவர்மீது விழுந்தது. பச்சைக் கம்பளமோ உழைப்பவரைப் போர்த்து மறைக்கிறது.

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இம்மலைத் தோட்டங்களில் கன்று நட்டுக் கொழுந்தெடுத்தவருள் தமிழர் பலர். இன்று அச்சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். விரல்களின் இடத்தைக் கத்தரியும் இயந்திரமும் பிடித்துள்ளன. ஆள் மாறியும் முதுகு மறைந்தே இருக்கிறது. பாட்டியின் உழைப்பை மறந்த பேரப்பிள்ளை, அயலவர் உழைப்பையும் காணாதிருப்பின் அக்குற்றம் இரட்டிக்கும்.

ஆதலின் தமிழாசிரியர்கள் கட்டுரைத் தலைப்பை மாற்றட்டும். 'தேயிலை மலையின் எழில்' போகட்டும். 'கொழுந்தெடுப்பவரின் ஒரு நாள்' வரட்டும். கூடையின் எடை என்ன, கூலி என்ன, பனியில் விரல் எப்படி விறைத்தது என்று பெரியோரிடம் கேட்டுவரச் சொல்லட்டும். விடையறிந்த மாணவன் அதன்பின் மலையின் அழகைப் பாடட்டும். அப்போது அவன் ஏட்டில் 'நன்று' என எழுதும் சிவப்பு மைக்கும் பொருள் இருக்கும்.