சொல் பிறக்கும் வரை

நுழையும்முன்
மூச்சைப்போலப் பேச்சும் தானாக வருவது என்பது பொதுவான எண்ணம். ஒரு சொல்லைச் சொல்லவே போராடுவோருக்கு அது நாள்தோறும் உழைத்துப் பெறும் செல்வம். அவ்வுழைப்புக்குத் துணைநிற்பது பேச்சுப் பயிற்சி. அதில் கேட்போருக்கும் பங்குண்டு.

ஒலியும் மூளையும்
உந்தியிலிருந்து எழும் காற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்குகிறார். ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் அறிவது இன்றைய பேச்சுப் பயிற்சிக்கும் அடிப்படையாகும். ‘கண்’ என்பதைத் ‘தண்’ என ஒலிக்கும் குழந்தைக்கு நுனிநாவைத் தாழ்த்தி அடிநாவை உயர்த்தப் பழக்குகிறார் பயிற்சியாளர். விளையாட்டாகத் தொடங்கும் அப்பயிற்சி, ஒலியிலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து தொடருக்கும் வளர்கிறது.

பேச்சின் வேர் மூளையில் உள்ளது. ஓரசையை மட்டுமே திரும்பத் திரும்ப ஒலித்துவந்த நோயாளி ஒருவர் இறந்தபின், அவரது மூளையைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இல் ஆராய்ந்தார். இடப்பக்க முன்மூளை சிதைந்திருந்தது. பக்கவாதத்தால் இப்பகுதி பாதிக்கப்பட்டோர் பலருக்கு அறிவு மங்குவதில்லை, சொல்தான் எட்டுவதில்லை. அவர்களுள் சிலர் பேச இயலாதபோதும் பழகிய பாடலைப் பாடுவர். அந்த இசையையே படிக்கட்டாக்கி, அன்றாடத் தொடர்களை மெல்ல மீட்டுத்தரும் பயிற்சிமுறையும் உண்டு.

காலம் தாழ்த்தலாகாது
“இவன் தந்தையும் தாமதமாகத்தான் பேசினார்” என்னும் ஆறுதல் மொழி பல இல்லங்களில் கேட்கிறது. நாவில் வசம்பு தேய்த்துவிட்டு ஆண்டுகளைக் கடத்துவோரும் உளர். இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். கேளாத ஒலியைக் குழந்தை எவ்வாறு பேசும்? மொழி வேகமாக வேரூன்றும் பருவம் இளமையே. செவியினுள் கருவி பொருத்தினாலும், ஒலிகளைப் பிரித்தறியத் தொடர்பயிற்சி தேவை. இங்கே பொறுத்திருத்தல் பொறுமையாகாது, இழப்பாகும்.

காத்திருக்க வேண்டிய இடம்
பொறுமை தேவைப்படும் இடம் வேறு. அங்கோ உலகம் அவசரப்படுகிறது. திக்கிப் பேசுவது அறிவுக்குறைவன்று. பெரும்பாலும் மழலைப் பருவத்திலேயே தோன்றும் இதற்கு மரபணுவும் மூளையின் செயற்பாடும் காரணங்களாகின்றன. ஆயினும், திரைப்படங்களில் இது நகைச்சுவையாக்கப்படுகிறது, வகுப்பறையில் பட்டப்பெயராகிறது. பரிவுடையோர்கூட, தடுமாறுபவரின் சொல்லைத் தாமே முடித்துக்கொடுக்கின்றனர். அது உதவியாகத் தோன்றினும், ‘உன்னால் இயலாது’ என்பதையே உணர்த்துகிறது. பயிற்சி அறையில் வாரத்தில் ஒரு மணிநேரம் பெற்ற துணிவை, வெளியே எழும் ஒரு சிரிப்பு பறித்துவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தன் பட்டியலில் ஏற்றுள்ளது. சட்டம் உரிமையைத் தரும்; செவிகொடுப்பதை மனிதரே தர இயலும். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்னும் இரு சொற்களுக்காக அஞ்சி நிற்கும் மாணவர் ஒருவர் எந்த வகுப்பிலும் இருக்கலாம். அச்சொற்கள் முழுமையாகப் பிறக்கும் வரை அமைதியாகக் கேட்டிருப்பது, அவ்வகுப்பிலுள்ள அனைவராலும் இயலும்.