கட்செவியின் கண்

பாம்புக்குத் தமிழ் இட்ட பெயர்களுள் ஒன்று கட்செவி. கண்ணையே செவியாகக் கொண்டது என்பது அதன் பொருள். புறச்செவி இல்லாத உயிரைக் கண்ட மொழி அவ்வாறு முடிவு செய்தது. பாம்புக்கு உட்செவி உண்டு என்றும், நிலத்தின் அதிர்வு தாடையெலும்பின் வழியாக அதனை எட்டுகிறது என்றும் இன்றைய உயிரியல் கூறுகிறது. ஆகவே அப்பெயரின் செவிப் பாதி பிழையானது. எனினும் பாம்பின் கண் தனித்த இயல்புடையது என்று கருதியதில் பிழையில்லை. அக்கண்ணுக்குத் திறந்து மூடும் இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒற்றைச் செதில் அதனை மூடியிருக்கிறது. அச்செதிலும் தோலின் பகுதியே ஆதலால், பாம்பு சட்டை உரிக்கும்போதெல்லாம் கண்ணின் மூடியும் உரிகிறது.

வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகள் பல, இந்த ஒரு செய்தியை வளர்ப்போர் அறியாமையால் துன்புறுகின்றன.

சட்டை உரியும் காலம் நெருங்கும்போது பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முதிர்கிறது. இரண்டுக்கும் இடையே நீர்மம் ஊறுகிறது. உடலின் நிறம் மங்கி, கண்கள் பால் படிந்தாற்போல் வெளுத்து நீலம் பாரிக்கின்றன. அந்நாள்களில் பாம்புக்குப் பார்வை தெளிவாக இராது, இரையை மறுக்கும், தொட்டால் சீறும். பின்னர்க் கண் தெளியும். அதற்குச் சில நாள்கள் கழித்து, மூக்கு நுனியைக் கரடான பரப்பில் உராய்ந்து, காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியாகச் சட்டையைக் கழற்றிவிடும். நலமுள்ள பாம்பின் சட்டை பெரும்பாலும் ஒரே துண்டாகக் கிடைக்கும். அதன் தலைப்பகுதியில் இரண்டு கண்மூடிகளும் தெளிந்த வில்லைகளாகத் தெரியும். அவற்றைக் காணவில்லையெனில் அவை பாம்பின் கண்மீதே தங்கியிருக்கக்கூடும்.

இங்கே இரண்டு பிழைகள் நேர்கின்றன. மாட்டுக்கும் மனிதருக்கும் ‘கண்ணில் பூ விழுந்தது’ என்று சொல்லும் வழக்கைப் பாம்புக்கும் பொருத்தி, இயல்பான வெளுப்பை நோயென்று கருதிச் சொட்டுமருந்து இடுவது முதற்பிழை. உண்மையாகவே தங்கிவிட்ட கண்மூடியை அழுக்கென்று எண்ணி, முள்வாங்கியாலோ ஒட்டுநாடாவாலோ பிய்த்தெடுப்பது இரண்டாவது பிழை; கொடியதும் அதுவே. பழைய மூடியோடு அடியிலுள்ள புதிய மூடியும் பெயர்ந்தால் கருவிழி காற்றில் உலர்ந்து, கிருமி தொற்றி, கண்ணே போய்விடும். கட்செவி அஞ்சல் என்று தமிழில் வழங்கும் வாட்ஸ்அப்பில் பகிரப்படும் கைவைத்தியத்தை நம்பி ஒரு கட்செவி கண்ணிழப்பது வருந்தத்தக்கது.

சட்டை சரியாக உரியாமை பெரும்பாலும் தனி நோயன்று; அது வளர்ப்பிடத்தின் குறையைக் காட்டும் அறிகுறி. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இது தெளிவாக விளங்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் வீசுகிறது. மறையூரும் சின்னாறும் மழைமறைவு நிலங்கள். அதே இடுக்கி மாவட்டத்தின் மூணாற்றிலோ ஈரமும் குளிரும் மிகுதி. வளர்ப்போர் விரும்பி வாங்கும் பால் பைத்தான், மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதற்கு ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காடு வரை காற்றில் ஈரப்பதம் வேண்டும்; சட்டை உரிக்கும் நாள்களில் இன்னும் கூடுதலாக வேண்டும். சித்தூரில் வலைமூடியிட்ட பெட்டியில் அதன் தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மூணாற்றில் நனைந்த படுக்கையில் கிடந்தால் தோலில் கொப்புளம் எழும். ஓரிடத்தின் வழிமுறையை மற்றோரிடத்தில் அப்படியே பின்பற்றுவது தீங்கு.

கண்மூடி தங்கினால் முதலில் திருத்த வேண்டியது பெட்டியையே. நனைத்துப் பிழிந்த துணியோ ஈரப்பாசியோ இட்ட மறைவிடத்தில் பாம்பைச் சில மணிநேரம் வைத்தால் ஒட்டிய தோல் இளகும். அடுத்த முறை சட்டை உரியும்போது பழைய மூடியும் சேர்ந்து கழன்றுவிடுவதுண்டு. மீண்டும் தங்கினாலோ, கண்ணின் ஓரத்தில் சிற்றுண்ணிகள் அடைந்திருந்தாலோ, கண் புடைத்திருந்தாலோ மருத்துவரே பார்க்க வேண்டும். வாய்ப்புண்ணின் தொற்று கண்ணீர்க் குழாய் வழியாக ஏறியும் கண்ணைப் புடைக்கச் செய்யும்.

மருத்துவரிடம் செல்லும்போது மொழியும் குறுக்கிடுகிறது. பாம்பு சட்டை உரிப்பதை மலையாளத்தில் ‘படம் பொழிக்குக’ என்பர். தமிழ்ச் செவிக்குப் படம் என்றால் பாம்பு விரிக்கும் படம். கரிகாலன் அளித்த மெல்லிய ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிட்டது பொருநராற்றுப்படை. பாம்புத் தோலின் நுண்மையை அவ்வளவு கூர்ந்து கண்ட மொழியில், உரியாத தோலுக்கு என்ன செய்வது என்று சொல்லும் எளிய கையேட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

பாம்பை வீட்டில் வளர்ப்பதே தவறு, கையேடு அதற்கு ஊக்கமாகிவிடும் என்போர் உண்டு. நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தவரை அக்கூற்று முற்றிலும் சரி. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வீட்டில் வைத்திருக்க இடந்தரவில்லை. அயல்நாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். பால் பைத்தான் அப்பட்டியலில் உண்டு. கார்ன் ஸ்நேக் இல்லை. பதிவுச் சான்று உடைமையைக் காட்டுமேயன்றி, வளர்ப்பவரின் அறிவைக் காட்டாது. பெட்டிக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட பாம்பின் கண், வளர்ப்பு சரியா தவறா என்னும் வாதம் முடியும்வரை காத்திராது.

மண்ணுத்தியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உள்ளது. இவை கூடி இருமொழியில் நான்கு பக்கக் கையேடு ஒன்றை ஆக்குவது அரிய செயலன்று. எல்லைப்புறத் தமிழை ஆய்வுப்பொருளாக மட்டும் கொள்ளும் மொழித்துறைகள், அங்கு வாழ்வோருக்குத் தேவையான சொற்களை ஆக்கித் தருவதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். அக்கையேட்டின் முதல் வரி இவ்வாறு அமையலாம்: கண் வெளுத்தால் காத்திருங்கள், கண்மூடி தங்கினால் பெட்டியைத் திருத்துங்கள், எந்நிலையிலும் பிய்க்காதீர்கள்.