நடுங்கும் முள்ளை நம்பலாமா?

பழைய லாரிகளின் டேஷ்போர்டில் முள் ஆடத் தொடங்கினால் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. விரலால் மீட்டர் கண்ணாடியைத் தட்டுவார்கள். இல்லையென்றால் ஹாஃப்கட் கடையில் முழு மீட்டரையும் வாங்கி மாட்டுவார்கள். தட்டுவதற்குக் காசு இல்லை, மாட்டுவதற்கு உண்டு. ஆனால் இரண்டுக்குப் பிறகும் முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் பெரும்பாலும் கோளாறு மீட்டரில் இருப்பதில்லை.

இதற்குக் கல்விப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எஞ்சின் கொதித்து லாரி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டால், “மீட்டரைப் பார்க்கவில்லையா?” என்ற கேள்வி ஓட்டுநரிடம்தான் வரும். அந்த மீட்டர் சரியில்லை என்று அவர் பல மாதங்களாகச் சொல்லி வந்தது அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது. என் அப்பா மூன்று டன் லாரி ஓட்டுகிறார். அவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவு, ஐந்தாம் படிவ இயற்பியலில் நாம் படித்த மின்னழுத்தமும் தடையும்தான்.

முதலில் கவனிக்க வேண்டியது, ஆடுவது ஒரு முள்ளா, எல்லா முள்ளுமா என்பது. எண்ணெய் முள் மட்டும் ஆடினால் டாங்கியில் உள்ள மிதவையையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். மிதவையின் கை உரசும் தடைப்பட்டை ஆண்டுக்கணக்கில் தேய்ந்திருக்கும். எப்போதும் பாதி டாங்கிக்கும் கால் டாங்கிக்கும் இடையில் மட்டும் முள் துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது. சிக்னல் போட்டதும் அந்த விளக்கின் தாளத்துக்கே முள்ளும் ஆடுகிறதா? பெரிய விளக்கைப் போட்டதும் எல்லா முள்ளும் இடம் மாறுகிறதா? அப்படியானால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். லாரியின் கேபின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் ஓடாது. கேபினையும் சேசிஸையும் இணைப்பது ஒரு பின்னல் கம்பி மட்டுமே. நம் ஊர் மழையில் அது துருப்பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் இணைப்பிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, மணல்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எர்த் சரியாக இருந்தால் அடுத்து ஆல்டர்நேட்டர். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 12 வோல்ட் வண்டிக்கு 14 வோல்ட் அளவிலும், 24 வோல்ட் லாரிக்கு 28 வோல்ட் அளவிலும் நிலையாக நிற்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் மீட்டருக்கென்று தனி ஸ்டெபிலைசர் இருக்கும். அதற்குள் உள்ள ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். அங்கே மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாவும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பே அப்படி. இது தெரியாமல் நல்ல ஸ்டெபிலைசரைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது இன்னொன்றுக்கு. ‘பழைய வண்டி, முள் அப்படித்தான் ஆடும்’ என்று பழகிப்போன கண்ணுக்கு, உண்மையைச் சொல்லும் முள்ளும் பொய்யாகவே தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து காற்று புகுந்தாலும் வெப்ப முள் ஏறி இறங்கும். அங்கே வயரைத் தேடிப் பயனில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். காற்று பிரேக் உள்ள லாரியில் பிரேக்கை மிதிக்கும்போது காற்றழுத்த முள் சற்று இறங்கி மீண்டும் ஏறுவது இயல்பு. காலை எடுத்த பிறகும், வண்டி சும்மா நிற்கும்போதும் அது இறங்கிக்கொண்டே போனால் காற்று எங்கோ கசிகிறது. அந்த லாரியை அன்று சாலையில் இறக்கவே கூடாது, அதுவும் கெந்திங் செம்பா போன்ற இறக்கத்தில்.

லாரி முதலாளிகளிடம் நான் கேட்பது, வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்புமுன் டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கும் நேரத்தோடு டேஷ்போர்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த முள், எப்போது, எதைப் போட்டால் ஆடுகிறது என்று ஓட்டுநரைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் கொடுத்தால் வயர்மேனுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.