சூரியனுக்குப் போகாத சுற்றறிக்கை

ஜொகூரில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஏறக்குறைய 1 மணிக்குத்தான் வருகிறது. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை. சாப்பிட உட்காருமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் வரிசையில் நிற்கிறோமே, படத்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

தஞ்சோங் பியாய்க்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. ஒரு பக்கம் கருத்த கண்டல் மரங்கள், மறுபக்கம் கண்ணைக் கூசவைக்கும் கடல். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கைப்பேசி ஒரே அளவில் ஒளியை வாங்குகிறது. மரத்தைப் பார்த்து அளந்தால் வானம் வெளுத்துப் போகும், வானத்தைப் பார்த்து அளந்தால் மரம் கரியாகும்.

வானொலியில் எங்களுக்கும் இதே தலைவலிதான். அழைக்கும் நேயர் உற்சாகத்தில் கத்திவிட்டால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். உடைந்து பதிவான குரலை அப்புறம் எவ்வளவு தணித்தாலும் உடைசல் போகாது. மெல்லிய குரலையோ, கொஞ்சம் இரைச்சலோடு, ஏற்றிக்கொள்ளலாம். படமும் அப்படித்தான். சாதாரணப் படக்கோப்பில் வெளிச்சம் 0 முதல் 255 வரை பதிவாகிறது. 255-இல் முட்டி நின்ற இடத்தில் மேகம் இருந்ததா, பறவை இருந்ததா என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. இருட்டில் மட்டும் ஏதாவது மிச்சம் இருக்கும்.

பெரிய மாமா சென்ற ஆண்டு தவறியபோது கையில் இருந்த கடைசிப் படம் இப்படிப்பட்டதுதான். தோட்டத்துச் செம்பனை வரிசை, மேலே வெள்ளை வானம், ஓரத்தில் நிழலில் அவர். முகமே தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். உருவத்தை மட்டும் வெட்டி நீலத் திரையில் ஒட்டிவிடலாம் என்றார் படக்கடைக்காரர். தோட்டம் இல்லாமல் மாமாவா? அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

புலனத்தில் வந்த படம் சுருங்கியிருந்தது. எடுத்த தம்பியிடமிருந்து மூலக்கோப்பை வாங்கினேன். முதலில் ஹைலைட்ஸைக் குறைத்தேன். ஓலைகளுக்கு இடையே கொஞ்சம் நீலம் வந்தது. ஷேடோஸைப் படம் முழுக்க ஏற்றியதும் மணல் தூவியது போல் புள்ளிகள். அதை விட்டுவிட்டு, ஸ்னாப்சீட்டில் செலக்டிவ் கருவியை முகத்தில் மட்டும் வைத்து மெல்லக் கூட்டினேன். அழகுபடுத்தும் பொத்தானைத் தொடவில்லை. விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போன மனிதர். அந்தக் கருப்பை வெளுக்க எனக்கு என்ன உரிமை?

வானத்தின் ஒரு மூலை வெள்ளையாகவே நின்றது. வேறு வானத்தை ஒட்டலாம். புதிய வித்தை ஒன்றுமில்லை, 1850-களிலேயே குஸ்தாவ் லு கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துப் படம் போட்டார். அவருடைய கடற்காட்சிகள் எனக்குப் பிடிக்கும். மாமா படத்தில் மட்டும் அந்த வெள்ளையை அப்படியே விட்டேன்.

இந்த வாரம் தஞ்சோங் பியாய் பக்கம் போகிறீர்களா? திரையில் வானத்தைத் தொட்டுப் பிடித்து அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். படம் இருண்டு வந்தால் பரவாயில்லை. முடிந்தால் மாலை 6 மணிக்கு மேல் எடுங்கள். கொசு மருந்து தடவிக்கொண்டு.